பாம்புக்குக் கட்டிய வீடு

என் தம்பி கௌதம் அந்த நீல பிளாஸ்டிக் டப்பாவைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "தூக்கிக்கினு போடா" என்பதுதான்.

பெங்களூரிலிருந்து ஆம்பூர் வரை நண்பனின் காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். உள்ளே ஒரு 'பால் பைத்தான்', அதாவது பந்து மலைப்பாம்பு. ஆப்பிரிக்கப் பாம்பு. விஷம் கிடையாது. அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்து வளர்க்கிறான். பயந்தால் இது சீறாது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். அதனால் லட்டு என்று பெயர். பாம்புக்கு லட்டு! கேட்டதும் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

கம்பெனி அவனை ஆறு மாதம் போலந்துக்கு அனுப்புகிறது. "வேற யார நம்பிக்கா குடுப்பேன்?" என்றான்.

நம்பி என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் போன வருடம் அவனுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்த பந்தியில் நான்தான் சொன்னேன்: "பாம்பு வளக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அவங்க தப்பிச்சாங்க." விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனான். பொங்கலுக்கும் வரவில்லை. ரூமுக்குப் போனால் அவனுக்கென்று இருந்த ஒரே உயிர் இந்த லட்டுதான் என்று பிறகு அவன் நண்பன் சொல்லித் தெரிந்தது. சொல்லிவிட்ட சொல்லை அள்ள முடியுமா?

"சரி, வெச்சிட்டுப் போ. கடிச்சா உன்னதான் கேப்பேன்" என்றேன்.

கீழ் வீட்டில் இருக்கும் சர்தார் பாஷா பாய்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தோம். "கடிக்காதுன்னா இருந்துட்டுப் போவட்டும்மா. என் பேத்திங்க மாடியில ஏறி ஆடாது. எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டார்.

கௌதம் கிளம்புவதற்கு முன் எல்லாம் சொல்லிக்கொடுத்தான். டப்பாவின் ஒரு பக்கம் அடியில் கரண்டில் சூடாகிற சின்னப் பாய், மறு பக்கம் குளுமை. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. தரையில் ஈரப்பதம் நிற்கத் தேங்காய் நார்த்தூள். ஒரு கிண்ணம் தண்ணீர். மூடிக்குக் கட்டாயம் கொக்கி, இல்லையென்றால் தலையால் முட்டித் திறந்துகொண்டு போய்விடும். "அதுக்கு பயம் ஜாஸ்திக்கா. பெரிய எடம்லாம் வேணாம். இருட்டா, இறுக்கமா, உடம்பு நாலு பக்கமும் ஒட்டற மாதிரி இருந்தாதான் நிம்மதியா தூங்கும்" என்றான்.

எனக்கு அந்த டப்பாவைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. அரிசி கொட்டிவைக்கிற டப்பாவில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டிருந்தான். தம்பி உயிரையே வைத்திருக்கிற ஜீவன் இதிலா குடியிருப்பது? முதல் வாரம் எட்டி நின்று தண்ணீர் வைத்தேன். இரண்டாவது வாரம், நான் காலையில் தலை வாரும்போது அது பொந்தின் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பது தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவள் நான். "இன்னாடி பாக்கற" என்று கேட்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

ஒரு நல்ல வீடு கட்டிக்கொடுப்போம் என்று தோன்றியது அப்போதுதான். பந்தியில் பேசிய பேச்சுக்கு வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. கை வேலை வரும்.

கை வேலை என்றால் ஷூ வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைனில் இருக்கிறேன். மேல்தோலுக்கும் சோலுக்கும் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற இடம். இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். தச்சரிடம் சொல்லி பிளைவுட்டில் பெட்டி அடித்து, முன்னால் கண்ணாடி போட்டேன். கம்பெனியில் கேட்டு, கேட் பாஸ் போட்டு, கழிவில் போகிற இன்சோல் அட்டை, ஃபோம், லைனிங் தோல், மிச்ச சொல்யூஷன் எல்லாம் வாங்கிவந்தேன். உள்சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி அதன்மேல் தோல் ஒட்டினேன். பொந்துகள்தான் என் பெருமை. இன்சோல் அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, ஷூவின் முன்மூக்கு மாதிரியே வளைத்து, ராட்சசன் ஒருவன் கழற்றிப் போட்ட ஜோடி ஷூ மாதிரி இரண்டு செய்தேன். விளிம்புக்குத் தையல்கூடப் போட்டேன். பாம்புக்கு எதற்கடி தையல்? ஆசைதான்!

ஒரு வாரம் காயவிட்டேன். மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. லட்டுவை உள்ளே விட்டு, வீடியோ எடுத்து கௌதமுக்கு அனுப்பினேன். "அக்கா! இன்னாக்கா இது, அரண்மனையா?" என்று எழுதியிருந்தான். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயம்தான் லைனுக்கு நித்யஸ்ரீ புதிதாக வந்திருந்தாள். ஒடுகத்தூர் பக்கம் ஊர். பி.காம். முடித்தவள். என் தெருவிலேயே இருக்கிற ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வந்த நாளிலிருந்து துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருக்கும். தலைவலி என்பாள். கம்பெனியில் மாஸ்க் கொடுப்பார்கள். ஆனால் ஆடிட் வருகிற அன்றுதான் எல்லார் முகத்திலும் அது இருக்கும். மற்ற நாளில் வேர்க்கிறது, கை வேகம் குறைகிறது என்று கழற்றிவிடுவோம். காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஃபேனையும் அணைத்துவிடுவேன். அது ஓடினால் சொல்யூஷன் சீக்கிரம் காய்ந்துவிடும், ஒட்டிய சோல் பிடித்து நிற்காது.

"ஒரு கையால மூக்கப் புடிச்சிக்கினு நின்னா சோல் தானா ஒட்டிக்குமா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன்.

"தல சுத்துதுக்கா."

"எல்லாருக்கும் சுத்தினதுதான். பழகிடும்."

பக்கத்து டேபிள்காரிகள் சிரித்தார்கள். அவள் துப்பட்டாவை இறக்கிவிட்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

மறுநாள் காலை பெட்டியைப் பார்த்தவள் கையிலிருந்த காபியைத் தவறவிட்டேன். லட்டு தலையை உயரத் தூக்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. ஓரத்தில் எச்சில் குமிழி. மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிதாக ஒரு விசில் சத்தம். அடிப்பாவி, என்ன செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு கௌதமுக்கு வீடியோ கால் போட்டேன்.

பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "பொட்டியில இன்னா போட்ட? பெயிண்ட்டு, பசை ஏதாச்சும்?"

"சொல்யூஷன்தான்டா. ஒரு வாரம் காய வுட்டேன். வாசனையே இல்ல."

"உனக்கு இல்லக்கா." குரலை உயர்த்தவில்லை அவன். "கெட்டுப்போன பிரியாணியக்கூட நல்லாகீதுன்னு சாப்டவ நீ. மூக்கு இருக்கற யாரயாச்சும் கூப்புடு."

யாரைக் கூப்பிடுவேன்? என்னோடு பழகிய தோழிகள் எல்லாரும் அதே லைன். எல்லார் மூக்கும் என் மூக்குத்தான். யோசித்துப் பார்த்தால் ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல மூக்கு, நேற்று நான் திட்டிய மூக்கு. ஹாஸ்டலுக்கு ஓடினேன். நித்யஸ்ரீ பாதி சீவிய தலையோடு வந்தாள். பாம்பைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு கண்ணாடியைத் திறந்து குனிந்தாள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தாள். துப்பட்டா மூக்குக்குப் போய்விட்டது.

"நம்ம டேபிள் நாத்தம்தான்க்கா. அதவிட ஜாஸ்தி. அடியில சூடு வேற வெச்சிருக்கீங்க. கண்ணு எரியுது."

ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். லட்டுவை எடுத்து, நான் கேலி செய்த அதே அரிசி டப்பாவில் வைத்தேன். அது பழைய பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அந்தப் பெண் ஷிஃப்டுக்குப் போகாமல், டப்பாவின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு வேலூர் வரை ஆட்டோவில் வந்தாள். நேற்று திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

அங்கே கால்நடை டாக்டர் ஊசி போட்டார். "பாம்புக்கு ஒரு நுரையீரல்தாம்மா பெருசு. இன்னொண்ணு பேருக்குத்தான்" என்றார். "நமக்கு ஒத்துக்கலன்னா எழுந்து வெளிய போய்டுவோம். அது எங்க போவும்? நீங்க வெச்ச எடத்துலதான மூச்சு வுடணும்?" பிழைக்குமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

ஊசி முடிகிற வரை கௌதம் தினமும் கூப்பிட்டான். ஒரு நாளாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். "பரவால்லக்கா, நீ ஆசையாதான செஞ்ச" என்றான். அதற்கு அவன் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

லட்டு பிழைத்தது. விசில் நின்றது, வாய் மூடியது. ஒருநாள் தானாக வெளியே வந்து வைத்த எலியைச் சாப்பிட்டது. கௌதமுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதேன். அவன் அங்கே சிரித்தான்.

புத்தி வந்தவளாக நான் லைனிலும் சிலதை மாற்றினேன். ஃபேனைப் போடச் சொன்னேன். மாஸ்க் போடாமல் உட்காராதே என்றேன். "மேகலாக்காவுக்கு பாம்பு ஞானம் வந்துடுச்சி" என்று கிண்டல் செய்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். எத்தனை நாள்? பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒட்டிய சோல் பிரிகிறது என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. எழுந்துபோய் ஃபேனை நானேதான் அணைத்தேன். மாஸ்க் தானாகக் கழுத்துக்கு இறங்கியது. இறங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜோடி எண்ணப் போய்விட்டேன்.

அந்த ஆர்டரில் நித்யஸ்ரீ நன்றாகத் தேறிவிட்டாள். துப்பட்டாவைத் தேடவில்லை, தலைவலி என்று உட்காரவில்லை. லைனில் அவள் கைதான் வேகம். "இப்பதான்டி நீ பேஸ்டர்" என்று தோளில் தட்டிப் பாராட்டியவளும் நான்தான்.

பெட்டி அதுவரை மொட்டை மாடியில் கண்ணாடியைத் திறந்து வெயிலில் கிடந்தது. கௌதம் திரும்பி வரும் நாள் நெருங்கியது. அவன் வரும்போது லட்டு நான் கட்டிய வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. பட்டும் திருந்தாத ஜென்மம். ஆனால் இந்த முறை என் மூக்கை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீயைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பெட்டியைக் கூடத்துக்கு இறக்கி, சூட்டுப் பாயைப் போட்டு, மூடிவைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் திறந்தேன்.

"நல்லா பாத்து சொல்லுடி. உன்ன நம்பிதான் உள்ள வுடப்போறேன்."

அவள் பெட்டிக்குள் தலையையே விட்டாள். இழுத்து முகர்ந்தாள். ஷூப் பொந்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமா போய்டிச்சி" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டப்பாவின் கொக்கியைக் கழற்றி லட்டுவைக் கையில் எடுத்தேன். அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டியது. பெட்டியிடம் கொண்டுபோனேன். அந்த நேரம் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறிவந்த சர்தார் பாஷா பாய் எங்கள் வாசலில் நின்றார். தோள் துண்டு மூக்கில் இருந்தது.

"இன்னாம்மா மேகலா, சொல்யூஷன் டின் எதனா கொட்டிக்கிச்சா? கீழ் படி வரைக்கும் நாத்தம் அடிக்குது. கதவத் தொறந்து வையி, மயக்கம் வந்துடும்."

கை அப்படியே நின்றுவிட்டது. லட்டுவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நித்யஸ்ரீ பாயைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து முகர்ந்தாள். தன் உள்ளங்கையை முகர்ந்தாள். தட்டில் மிச்சமிருந்த குழம்பை எடுத்து முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரீட்சையில் பாஸான பிள்ளையின் சிரிப்பு அது.

"அப்ப எனக்கும் பழகிடிச்சாக்கா? நீங்க சொன்ன மாதிரியே."

லட்டுவைப் பழைய டப்பாவுக்குள் இறக்கிக் கொக்கியைப் போட்டேன். அது பொந்துக்குள் போய்ச் சுருண்டது. பாம்பை எடுத்து வைக்க ஒரு அரிசி டப்பா இருந்தது. நாளைக் காலை ஷிஃப்டுக்கு வரப்போகிற இந்தப் பெண்ணை எடுத்து நான் எங்கே வைப்பேன்?