புவாசா அட்டை

காலை ஆறு மணிக்குக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. லியனார்ட் எழுந்து போய் முதல் வாளியை வைத்தான். அது நிறைந்ததும் குளியலறைத் தோங்கை, அந்தப் பெரிய பீப்பாயை, நிரப்பினான். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். வந்தால் ஒன்பது மணி வரைக்கும் இருக்கும்.

அரை டம்ளர் அரிசியை முதல் வாளித் தண்ணீரில் கழுவினான். கழனித்தண்ணீர் இரண்டாவது வாளிக்குப் போயிற்று. அதில் நேற்றைய தட்டைக் கழுவினான். தட்டு கழுவிய நீர் மூன்றாவது வாளிக்கு. மூன்றாவது வாளி ஜம்பானுக்கு, கக்கூஸில் ஊற்ற. ஒவ்வொரு வாளியிலும் எண் எழுதியிருந்தது, சிவப்பு நகப்பூச்சில். மூன்றின் வால் மட்டும் வழிந்து காய்ந்திருந்தது. பல் துலக்கினான். சட்டையைத் தேய்த்தான். இரண்டு துண்டு ரொட்டி தின்றான்.

எண்களை எழுதிய அவன் மனைவி பிலோமினா இறந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

ஒன்பதரைக்கு மகதலேனா கதவைத் தட்டினாள். ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி, பிலோமினாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி, இரண்டு வயது மூத்தவள்.

"கிளம்பிட்டியா லெனி? ஆச்சி ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. மூணு வாளியும் வேணுமாம், மேசையில வைக்க."

"நான் எதுக்கு? வாளிய நீயே எடுத்துட்டுப் போயேன்."

"மாதர் வட்டத்துல புத்தகம் போடுறாங்க லா. மொத பக்கமே அவதான். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணுமாம். அவளுக்காக வா."

அவளுக்காக என்று சொன்னால் அவன் எங்கும் போவான் என்று இந்த ஒரு மாதத்தில் எல்லாரும் தெரிந்து வைத்திருந்தார்கள். மூன்று வாளிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு நடந்தான்.

மாதர் வட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் கூடும். எதையும் வீணாக்காமல் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் வேலை. மேரி மாதா சிலைக்குக் கீழே இருபது பெண்கள், பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடு. தலைவி நாகம்மை ஆச்சி. பங்சார் மேட்டில் வீடு, மொட்டை மாடியில் இரண்டு பெரிய தொட்டி. தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததிலிருந்து வாரம் ஒரு முறை தன் காரிலேயே இந்த அடுக்குமாடிக் கிழவிகளுக்குத் தண்ணீர்க் கேன் கொண்டுவந்து இறக்குபவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது.

அவன் போனபோது சீதாலெட்சுமி பேசிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தோலை வினிகரில் இரண்டு வாரம் ஊறப்போட்டுத் தரை துடைப்பது பற்றி.

"எறும்பே வராதுக்கா. எங்க வீட்டுக்காரர்தான் வீடு பூரா ஊறுகா வாசனைன்னு கத்துறாரு."

"அப்ப அவரையும் ஒரு தடவ தொடச்சி விடு."

"துடைக்கிறதுக்கு மொதல்ல சோபாவ விட்டு எந்திரிக்கணுமே."

சிரிப்பு எழுந்தது. லியனார்ட் உள்ளே வருவதைப் பார்த்ததும் அடங்கியது. ஒரு மாதமாக அவன் நுழையும் இடத்தில் எல்லாம் சிரிப்பு இப்படித்தான் குழாயை மூடினாற்போல நின்றுகொண்டிருந்தது. வாளிகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தான். மகதலேனா தேநீர் கலக்கப் பின்னால் போனாள்.

ஆச்சி எழுந்தார். கையில் அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதி. கிள்ளானில் அச்சாகிறது, திங்கட்கிழமை மெஷினில் ஏறும், ஐந்நூறு பிரதி என்றார். பிறகு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

கல்யாணப் படத்திலிருந்து பிலோமினாவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் அவனுடைய கோட்டுத் தோள் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: 'தண்ணீரை மறந்துவிடாதீர்கள்.'

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார்.

"நாடே தாகத்தில் தவித்தபோது மழை வேண்டி நோன்பிருந்தார் எங்கள் அன்புச் சகோதரி. மருத்துவமனைக் கட்டிலிலும் அவர் அந்த நோன்பை முறிக்கவில்லை. எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை இதுதான்: தண்ணீரை மறந்துவிடாதீர்கள்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். லியனார்டுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. அடக்கத்தன்று ஒன்றும் ஆகாதது போலவே. பிறகு ஒரு சொல் மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது.

"என்ன நோன்பு?" என்றான்.

ஆச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன தம்பி?"

"நோன்புன்னு படிச்சீங்களே. என்ன நோன்பு?"

"அதான் தம்பி, அன்னைக்கு நாங்க நாலு பேரு பார்க்க வந்தப்ப கட்டில் தலமாட்டுல அட்டை தொங்குச்சே, புவாசான்னு. என் கண்ணால பார்த்தேன். மலாய்ல நோம்புதானே அது? உங்க சர்ச்சுல மழைக்கு வேண்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் எங்க வீட்டு விசாலத்துகிட்டகூட சொன்னேன், நாமல்லாம் சஷ்டிக்கு ஒரு பொழுது இருக்கவே பாலு, பழம்னு தேடுறோம், அந்தப் பொண்ணப் பாரு, நோயில படுத்தும் விடலன்னு."

பின்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். ஆச்சி அங்கே படுத்ததில்லை. பார்வை நேரத்தில் பூவோடு வந்ததோடு சரி.

"ஆபரேஷனுக்கு முன்னால எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது" என்றான் லியனார்ட். "அதுக்கு மாட்டுற அட்டை ஆச்சி அது. பக்கத்துக் கட்டில்லயும் தொங்குச்சு. அந்தம்மாவும் மழைக்குத்தான் இருந்தாங்களா?"

தேநீர்த் தட்டோடு வந்த மகதலேனா கதவருகேயே நின்றுவிட்டாள்.

"அப்ப எங்க கையப் பிடிச்சிச் சொன்னாங்களே?" என்றார் ஆச்சி. குரல் இறங்கியிருந்தது. "தண்ணிய மறந்துறாதீங்கன்னு. கூட வந்த சிவகாமியும் கேட்டாளே."

"தாகம் ஆச்சி. காலையிலேர்ந்து ரெண்டு தடவ ஆபரேஷன் தள்ளிப் போச்சு. அட்டையக் கழட்ட ஆளில்ல. நர்ஸ்கிட்ட உங்களை மாதிரி பெரியவங்க கேட்டா விடுவாங்கன்னு நெனச்சா. அதான் உங்க கையப் பிடிச்சா. 'தண்ணி. மறந்துறாதீங்க'ன்னா. நீங்க, மறக்க மாட்டோம்மான்னு சொல்லிட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்த வச்சிட்டுப் போயிட்டீங்க."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி ஒரு மாதமாயிற்று. கையை மேசையில் ஊன்றிக்கொண்டான்.

ஆச்சி மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, வீடு நிறைய ஆட்களை வைத்து ஆண்டு பழகியவர் சமாளிக்கிற விதத்தில் சமாளித்தார்.

"தப்புத்தான் தம்பி. தெரியாம எழுதிட்டோம். அந்த நோம்பு வரிய எடுத்துருவோம். ஆனா புத்தக அட்டையில உள்ளது அப்படியே இருக்கட்டுமே. அவங்க வாயிலேர்ந்து வந்த வார்த்தைதானே? அதப் படிச்சிட்டு நாலு பேரு பைப்ப மூடினா, அந்தப் புண்ணியம் யாருக்கு? அவங்களுக்குத்தானே? போனவங்க பேரால ஒரு நல்லது நடக்கட்டுமே."

ஒன்றிரண்டு தலைகள் ஆமோதித்தன. அதைப் பார்த்ததும்தான் லியனார்டுக்குச் சுர்ரென்று ஏறியது. தவறாகப் படித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் அந்தத் தாகத்தை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம் என்கிறார்களே, அதை எங்கே போய்ச் சொல்வது?

மாதிரிப் பிரதியை எடுத்துப் புரட்டினான். பதினோராம் பக்கத்தில் இருந்தது: 'ஒரே தண்ணீரை மூன்று முறை பயன்படுத்துதல்.' நான்கு வரி. பெயர்கூட இல்லை.

"ரெண்டு வருஷம் இந்த மண்டபத்துல நின்னு பேசினா. அதுல ஒன்னுகூட உங்களுக்கு அட்டையில போட ஆகலியா? மூணு வாளியப் பத்திச் சொல்லிட்டுக் கடைசியில என்ன சொல்லுவா? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

சீதாலெட்சுமி, மேரி மாதா சிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மூணாவது வாளியில மட்டும் யாருக்கும் ஞானஸ்நானம் குடுத்துறாதீங்கன்னு சொல்லும்."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். இந்த முறை அவனைப் பார்த்தும் சிரிப்பு முழுக்க அடங்கவில்லை.

"அது இதுல எங்க ஆச்சி?" என்றான் லியனார்ட்.

"புத்தகம்னு வரும்போது..." ஆச்சி தயங்கினார். "மரியாதையா இருக்கணும்னு எடுத்துட்டோம் தம்பி. சாமி விஷயம். இறந்தவங்க வேற."

"அவ பேசினத எடுத்துட்டீங்க. பேசாதத எழுதிட்டீங்க. அப்புறம் அவ படம் எதுக்கு?"

மேசையில் சிவப்புப் பேனா கிடந்தது. அதை எடுத்தான். அட்டையில் இருந்த வாக்கியத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டான். முதல் பக்கத்து வரிகளையும் மேலிருந்து கீழ்வரை அடித்தான். தாள் ஓரிடத்தில் கிழிந்தது. பதினோராம் பக்கத்தில், நான்கு வரிக்குக் கீழே ஞானஸ்நான வரியை எழுதி, பக்கத்தில் பெயரையும் எழுதினான். பிரதியை ஆச்சியின் முன்னால் தள்ளினான்.

ஆச்சி அதை வெகு நேரம் பார்த்தார். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத முகம். பிறகு கிழிந்த இடத்தை விரலால் ஒட்டுவது போல நீவிவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"அச்சகத்துல இப்படியே போடச் சொல்லிடுறேன்" என்றார். "நான் அந்த நர்ஸ்கிட்ட கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க" என்றான் லியனார்ட். அவரை ஆறுதல்படுத்த அல்ல, அது உண்மை என்பதால் சொன்னான்.

வாளிகளைச் செருக ஆரம்பித்தான். மகதலேனா தட்டை வைத்துவிட்டு வந்து இரண்டாவது வாளியைப் பிடித்துக் கொடுத்தாள்.

"லெனி. அன்னைக்கு இவங்கல்லாம் போனப்புறம் நீ மட்டும்தானே இருந்த. கடைசியா அவ என்னதான் சொன்னா?"

"அது புத்தகத்துக்கு இல்ல."

"புத்தகத்துக்குக் கேக்கல. நான் கேக்குறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஆச்சியை. ஆச்சியும் தலை நிமிர்ந்து காத்திருந்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருந்தது, முக்கால்வாசித் தண்ணீரோடு. ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவன் துடைத்தான். ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் ஆயிற்று, எனக்கு மட்டும் இன்னும் தபசு கால நோன்பா என்று பிலோமினா சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்தது. மூன்றாம் முறை துடைத்தபோது அவள் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினாள். அவன் அதைப் பிடுங்கினான். ஐந்து நிமிடத்தில் தள்ளுகட்டில் வந்தது. அவளைக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. ஜாடியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஆச்சி அந்த அட்டையத் தப்பாப் படிச்சாங்க" என்றான். "நான் சரியாப் படிச்சேன். ஒரு எழுத்து விடாம. அதனாலதான் நான் குடுக்கல."

மகதலேனா அவன் கையைத் தொட வந்தாள். அவன் வாளிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தள்ளுகட்டில் வருவதற்கு முன்னால் பிலோமினா வார்டு வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, திருட்டுத்தனம் செய்யும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே சொன்னான்:

"ஒரு வாய் குடு லெனி. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."