வலிக்காத கடி

ஜனார்த்தனுக்கு வேண்டியது ஒரே ஒரு டி.டி. ஊசி. நம்மூர்க்காரர்களுக்கு அது சர்வரோக நிவாரணி. ஆணி குத்தினாலும் அதுதான், தகரம் கிழித்தாலும் அதுதான். போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அப்புறம் கவலை கிடையாது. பெரு நாட்டுக் காட்டுக்குள் ஒன்பது நாள் சுற்றிவிட்டு முந்தாநாள்தான் ஆக்லாந்து திரும்பியிருந்தான். பத்தரைக்கு எல்லர்ஸ்லி ஆபீசில் மீட்டிங். அதற்குள் மவுண்ட் வெல்லிங்டன் கிளினிக்கில் ஊசியைக் குத்திக்கொண்டு ஓடிவிடலாம் என்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் சுகந்தினி அவன் கையைப் பார்க்கவே இல்லை. "காயத்தைக் காட்டுங்கோ தம்பி."

வலது கால் பெருவிரல் நுனியில், சின்னக் கரண்டியால் வழித்தெடுத்ததுபோல ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

"ஆறு நாளாச்சு சிஸ்டர். அட்டையா இருக்கும். படகுக்காரம்மா ரோசா வீட்டுல தங்கினேன். கொசுவலைக்கு வெளிய கால நீட்டிட்டேன் போல. காலைல பாத்தா பெட்ஷீட்டெல்லாம் ரத்தம்!" ஏதோ பதக்கம் வாங்கி வந்தவன் மாதிரி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "நொந்ததோ?"

"தூக்கத்துல தெரியவே இல்ல."

"சுவர் வைச்ச வீடோ?"

"கூரை மட்டும்தான்."

"அது அட்டை இல்லை தம்பி. வௌவால். இரத்தம் குடிக்கிற சாதி. அதாலயும் ரேபிஸ் வரும்."

"நாய் கடிச்சாத்தானே அது?"

"அந்த நாட்டில வௌவாலும் குடுக்கும். நோய்க்குணம் தொடங்கினாப் பிறகு ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. தொடங்க முன்னம் எண்டால் ஊசி காப்பாத்தும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஒராளைப் பாத்தனான். தண்ணிக் கோப்பையைக் கண்டு நடுங்கினவர். எனக்கு அந்த ஒண்டே போதும்."

அவனைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகக் குழாயடிக்கு நடத்தி, சோப்பைக் கையில் கொடுத்து, கால் மணி நேரம் விடாமல் கழுவச் சொன்னாள். டாக்டரைக் கையோடு இழுத்துவந்து கையெழுத்து வாங்கினாள். பிறகு தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு நின்றாள். இந்த நாட்டில் அந்த நோயே கிடையாது. மருந்து கைக்கெட்டும் அலமாரியிலா இருக்கும்? ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார், அவர் வேறொருவரை. குரலை உயர்த்தாமல், போனையும் வைக்காமல், ஆறாவது ஆளிடம் காரியத்தை முடித்தாள். "மத்தியானத்துக்குள்ள வந்திடும். விரலிலயும் குத்துவினம், நோகும். இருந்து போட்டிட்டுத்தான் போகவேணும்."

அடேயப்பா, என்ன மனுஷி! வேறு யாராக இருந்தாலும் கேட்டதைக் குத்தி அனுப்பியிருப்பார்கள். நாமும் நன்றி சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடியிருப்போம் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அவளுக்கோ இன்னும் வேலை முடியவில்லை. "அந்த வீட்டில வேற ஆர் ஆர் படுத்தவை?"

ஜனார்த்தனுக்குச் சுருக்கென்றது. அன்று காலை ரத்தத்தைப் பார்த்துவிட்டு ரோசா தன் கணுக்காலைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். என்னவென்று கேட்கவில்லை. இத்தனை நேரமும் தன் விரலைத் தவிர அவன் வேறெதையும் நினைக்கவும் இல்லை. ச்சே, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

"அவங்க நம்பர் இருக்குக்கா" என்றான். சிஸ்டர் எப்போது அக்காவானாள் என்று அவனுக்கே தெரியாது.

வீடியோவில் கூப்பிட்டான். பெருவில் இன்னும் நேற்றைய சாயங்காலம். திரையில் ரோசா வாயெல்லாம் பல்லாக வந்தாள். பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாக ஜனார்த்தன் விஷயத்தைச் சொன்னான். இதென்ன பெரிய விஷயம், எல்லாரையும்தான் கடிக்கிறது என்பதுபோல அவள் கையை வீசினாள். அப்போது சுகந்தினி போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்படியில்லை என்பதுபோலத் தலையை அசைத்தாள். ரோசாவின் சிரிப்பு நின்றது. திரும்பி வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டாள்.

திரை ஆடி, பலகைத் தரையைக் காட்டியது. முதலில் ரோசாவின் கால். பக்கத்தில் வெடித்த குதிகாலோடு ஒரு கிழவரின் கால். அப்புறம் சேறு காயாத இரண்டு கால்கள். ஒவ்வொன்றிலும் அதே பள்ளம், சிலது ஆறியது, சிலது ஈரமாக.

"மெதுவா, ஒவ்வொண்டாக் காட்டச் சொல்லுங்கோ" என்று போனை அவனிடம் திருப்பிக் கொடுத்த சுகந்தினி, காயங்களைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

கடைசியாக, யாரோ உள்ளங்கையில் ஏந்திப் பிடித்த ஒரு கைக்குழந்தையின் பாதம் வந்தது. பெருவிரல் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி. சேறா, காயமா தெரியவில்லை. சுகந்தினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை நெருங்கிக் குனிந்தாள்.