குப்பம்மாள் சொன்ன நாலு நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் காலனியில் நூற்றிமுப்பது வீடுகள். அத்தனை வீட்டிலும் ஒருத்தர்கூடக் குடிப்பதில்லை, ஒருத்தர்கூட பீடி பிடிப்பதில்லை, போயிலை என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அப்படித்தான் ஷைனியின் டேப்லெட் சொல்கிறது. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுத்து, கேட்ட கேள்விக்கு வந்த பதிலை அதில் ஏற்றுவதுதான் அவளுடைய வேலை. மூன்று வருஷமாகச் செய்கிறாள்.

ரோலிங் மில்லில் உலை வேலை பார்க்கிற சின்னதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கே மூன்றடி தள்ளி நின்றாலும் வாடை ஆளைத் தூக்கும். "குடிப்பீங்களாண்ணா?" என்று கேட்டால், "சேச்சே, எப்பனா கல்யாணம் காச்சின்னா" என்பார். வாரத்துக்கு ஏழு கல்யாணம் நடக்கிற ஊர் போலிருக்கிறது. ஷைனி சிரித்துக்கொண்டே 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். மனசுக்குள், என்னமாய்ப் பொய் சொல்லுதுங்க இந்த ஜனங்க என்று ஒரு இளக்காரமும் ஓடும்.

அந்த இளக்காரத்துக்கு அவளுக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. அதே காலனியில் குடியிருக்கிற அவளுடைய சொந்தப் பதிவிலும் புகையிலைக்கு நேராக 'இல்லை' என்றுதான் இருந்தது. அவளே ஏற்றியது.

இந்த வேலைக்கு வருமுன் சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் இருந்தாள். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த சமயம், லீவு கேட்டால் ஒரேயடியாக வீட்டில் இருந்துகொள் என்று சொல்லிவிடுகிற சூப்பர்வைசர். பக்கத்தில் நின்ற குப்பம்மாள்தான் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சிட்டிகை போயிலை எடுத்து, "இத்த ஓரமா அடக்கிக்கோ, வலி மரத்துப் பூடும்" என்று கொடுத்தாள். வலி மரத்தது. பசியும் மரத்தது. பல்லைப் பிடுங்கின பிறகும் சிட்டிகை நிற்கவில்லை. வேலை மாறின பிறகும் நிற்கவில்லை. மாத்திரை கொடுக்கிற அக்கா கடையில் நின்று போயிலை வாங்கினால் காலனி சிரிக்காதா? அதனால் காலனியிலேயே இருக்கிற குப்பம்மாளே இருவருக்கும் சேர்த்து வாங்கிவந்தாள். ஷைனியின் புருஷன் பென்னிக்குக்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கும் தெரியாது. அவள் கைப்பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும்.

பொங்கல் கழிந்த வாரம் குப்பம்மாள் தன் வீட்டு வாசலில் அவளை நிறுத்தினாள்.

"இன்னாடி இது, கொழம்பு பட்டா உசுரே போவுது. பாரேன்."

வாயைத் திறந்து கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். உள்ளே, எப்போதும் அடக்கிவைக்கிற அதே இடத்தில், வெள்ளைத் திட்டுக்கு நடுவே சிவப்பாக ஒரு புண். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். "எத்தினி நாளா?" என்று ஷைனி கேட்டாள். "கிறிஸ்மஸ் முன்னாடிலருந்து" என்றாள் குப்பம்மாள்.

திருவள்ளூரில் நடந்த பயிற்சியில் ஷைனிக்கு இதே படத்தைத் திரையில் போட்டுக் காட்டியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் என்றால் புற்றுநோயாக இருக்கலாம், ஒரு நாளும் தாமதிக்காமல் அனுப்பு என்று சொன்னார்கள். அவளும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அனுப்பினால் என்ன ஆகும்? புகையிலை உண்டா என்று கேட்பார்கள். குப்பம்மாளுக்கு வாயில் எதுவும் நிற்காது. 'நானும் ஷைனியும் சேர்ந்துதான் போடுவோம்' என்று சந்தோஷமாகச் சொல்லிவைப்பாள்.

"சூடுக்கா. வயித்துச் சூடு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடு, மோர் குடி, சரியாயிடும்" என்றாள் ஷைனி. பையிலிருந்து பத்து சத்து மாத்திரையும் எடுத்துக் கொடுத்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குப்பம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஷைனி அந்தத் தெருவுக்கு, குப்பம்மாள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போனாள். எதிரில் பட்டால் புண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்தாள். பொன்னேரி காலேஜில் படிக்கிற அவள் மகளைப் பற்றி விசாரித்தாள், தண்ணீர் லாரியைப் பற்றி விசாரித்தாள். இதற்கெல்லாம் நடுவிலும் அந்தச் சிட்டிகையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கும். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டார்கள். ஒரு பக்கம் பிரஷர், சுகர். இன்னொரு பக்கம் வாய்ப் பரிசோதனை. திருவள்ளூரிலிருந்து ஸஹானா என்கிற பல் டாக்டர் வந்திருந்தார், சின்ன வயசு. வெளிச்சத்துக்காக நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டதில், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் உட்கார்ந்தவர் வாய் நன்றாகத் தெரிந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளினார்கள். ஷைனி டாக்டர் பக்கத்தில் நின்று விவரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிரஷர் வரிசையில் பென்னி நின்றிருந்தான்.

யாரும் கூப்பிடாமலேயே குப்பம்மாள் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கையுறை விரலால் உள்ளே அழுத்தினார். குப்பம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா இருக்கும்மா இது?"

குப்பம்மாள் ஷைனியை ஒரு பார்வை பார்த்தாள். "நாலு நாளுதாம்மா."

"புகையிலை போடுவீங்களா?"

"அய்ய, அந்தக் கருமாந்தரமெல்லாம் நமக்கு எதுக்கு?"

டாக்டர் அவள் பல்லில் இருந்த கறையைப் பார்த்தார். "நிஜமா நாலு நாள்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாள் முக்கியம்."

"எம் பொண்ணு மேல சத்தியமாம்மா. நாலே நாளு."

"சரி. களிம்பு தரேன். ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் ஆறலைன்னா பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பா வரணும்." டாக்டர் ஷைனி பக்கம் திரும்பினார். "நாலு நாள்னு போட்டுக்கோங்க."

ஷைனி நாலு என்று தட்டினாள். நிமிர்ந்தபோது குப்பம்மாள், டாக்டருக்குத் தெரியாமல், அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். உன்னைக் காட்டிக்கொடுப்பேனா நான் என்கிற மாதிரி. வீங்கின கன்னத்தோடு அவளுக்கு அந்தக் கண்ணைச் சிமிட்டுவதே வலித்திருக்கும்.

குப்பம்மாள் இரண்டு வாரம் கழித்து எங்கேயும் போகமாட்டாள் என்பது ஷைனிக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் கூலி போகுமென்று களிம்பையே தடவிக்கொண்டு கிடப்பாள். பேசாமல் இருந்தால் இந்த விஷயம் இதோடு அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. அடுத்தவள் வந்து உட்காரப் போகிறாள். அப்படி அடங்கிவிடட்டும் என்று ஒரு நிமிஷம் அவள் மனசு ஆசைப்பட்டதே, அதுதான் அவளைக் குத்தியது.

"மேடம்" என்றாள். "நாலு நாள் இல்ல மேடம். ஆறு மாசம்."

குப்பம்மாள் பதறினாள். "ஏய், இன்னாடி ஒளர்ற? அது ஒண்ணும் இல்லம்மா, அதுக்கு எதுவும் தெரியாது."

"எனக்குத் தெரியும். பொங்கல் முடிஞ்சு எங்கிட்டதான் காட்டுனாங்க. நான்தான் வயித்துச் சூடுன்னு சொல்லிட்டேன்."

டாக்டரின் முகம் மாறியது. டார்ச்சை மறுபடி அடித்து, இந்த முறை வெகு நேரம் பார்த்தார். கழுத்தில் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "நாளைக்கே சென்னைக்கு அனுப்பணும். ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணணும்" என்றார். ஷைனியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

குப்பம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ பிடிபட்டது. டாக்டரை விட்டுவிட்டு ஷைனியிடம் கேட்டாள்.

"இது இன்னான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் குப்பம்மாள் நம்பியிருப்பாள். இத்தனை வருஷமாக அவள் சொன்னதை எல்லாம் நம்பினவள்தானே.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா கீரை துன்னச் சொன்ன?"

ஷைனி டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஷர் வரிசையைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பார்க்காமலேயே பென்னி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அஞ்சு மாசமா துன்னுக்கினு இருக்கேண்டி" என்றாள் குப்பம்மாள். "தெனமும். கீரக்காரி சிரிக்கிறா. என் பொண்ணு படிச்சி முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கீது."

அவள் திட்டுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று காலனியே காத்திருந்தது. ஷைனியும் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. குப்பம்மாள் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, ஷைனியின் கையைப் பிடித்து இழுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காரவைத்தாள்.

"டாக்டரம்மா, இவ வாயையும் பாருங்க. இவளும் எங்கூட சேந்து போட்டுக்கினு இருக்கறவதான், ஏழு வருசமா. நான்தான் பழக்கி வுட்டேன். இவளுக்காச்சும் நேரத்தோட பாத்துருங்க."

டாக்டர் புதுக் கையுறையை மாட்டினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஷைனி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.