படத்தில் விழுந்த படகு

ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்த ஹேமாவதி, பள்ளியில் உயிரியல் டீச்சர். ஞாயிறு விடிந்தால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கோவளம் கடற்கரைக்குப் போய்விடுவாள். பறவைகள் வந்திருந்தால் மீனவர் ஜீவானந்தம் முன்னாடியே போன் செய்துவிடுவார். "டீச்சர், பாறையாண்ட ஆலா கூட்டமா குந்தினுகீது, சீக்கிரம் வாங்க."

அந்த ஜனவரியில் வந்த போன் வேறு மாதிரி இருந்தது. "ஆமைங்க செத்து ஒதுங்கிக்கீது டீச்சர்."

முட்டையிடக் கரை தேடி வரும் பங்குனி ஆமைகள் நான்கு. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தன. ஆழ்கடலில் விசைப்படகு வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தவை என்றார் ஜீவானந்தம். நாய்கள் குதறாமல் இருக்க, நான்கையும் தன் படகுப் பக்கம் இழுத்துப் போட்டுக் குழி தோண்டினார். ஆத்திரத்தில் ஹேமாவதி ஒரு படம் எடுத்து, 'இந்தக் கொலைக்கு யார் பொறுப்பு?' என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டாள். ஆமைக்குப் பின்னால் அவருடைய நீலப் படகும் அதன் நம்பரும் பளிச்சென்று விழுந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் படம் ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் வனத்துறை அதிகாரிகள் வந்து படகையும் வலையையும் விசாரணைக்கு எடுத்துப் போனார்கள்.

சேதி தெரிந்ததும் ஹேமாவதி ஃபேஸ்புக்கைத் திறந்தாள். படத்தை அழித்தாள். லீவு போட்டு வனத்துறை ஆபீசுக்கு ஓடினாள்.

"நீங்க போட்ட படம்தானே மேடம்?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஆனா அவர் புதைக்கத்தான் இழுத்துட்டு வந்தார். நான் பக்கத்துலயே இருந்தேன்."

எழுதிக் கொடுத்தாள். ஃபேஸ்புக்கில் மன்னிப்பும் கேட்டாள். அதைப் படித்தவர்கள் பதினோரு பேர். பத்தாம் நாள்தான் படகு திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு, வலையை உதறிக்கொண்டிருந்த ஜீவானந்தத்தின் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிடுங்கண்ணா."

"வுடுங்க டீச்சர், போட்டுதான் வந்துட்ச்சே." குனிந்த தலை நிமிரவில்லை. "பொண்ணுதான் ஸ்கூலுக்குப் போமாட்டேங்குது. ஆமைய கொன்னவன் பொண்ணுன்னு பசங்க கூப்புட்றாங்களாம்."

"நான் வந்து அவங்க டீச்சர்கிட்ட பேசட்டுமா?"

"வேணாம் டீச்சர். நீங்க வந்தா அதுவும் ஒரு பேச்சாவும்."

கடலோரம் ஆலாக்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. ஹேமாவதி பைனாகுலரை உயர்த்தினாள். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு ஜீவானந்தத்திடமிருந்து போன் வரவில்லை.