பதினொரு முழுக்கு

தலை தண்ணீருக்குள் போய்விட்டது, கறுப்புத் தொப்பியின் உச்சி மட்டும் ஒரு கணம் தேங்காய் மூடி போல மிதந்து அதுவும் இல்லாமல் ஆனது, அடித்தரை நீலமாகத் தெரிகிற தண்ணீர், குளோரின் நெடி, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒன்று, இரண்டு, உள்ளே இருப்பது என் மகள் தாரணி, வயது பதினெட்டு, மீன்வளக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, நீச்சல் கட்டாயம், பெற்றோர் சம்மதம் தேவை என்று அச்சடித்த தாள் நாலாக மடிந்து என் சட்டைப்பையில் கிடக்கிறது, மாலை ஐந்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ, மூன்று, இப்படிக் கரையில் நின்று எண்ணுவது எனக்குப் புதிதல்ல, அப்போது தண்ணீர் நீலமாக இல்லை, ஆடி மாதத்துக் காவிரி, செம்மண் கரைத்த நிறம், மேல்படியில் குடைக்குக் கீழே ஜோதிட ரத்னாகரம் கிரக சாஸ்திர கேசரி வேதாசலம் நிற்கிறார், பட்டங்களின் நீளத்தால் அவர் பெயர்ப்பலகை பக்கத்து மளிகைக் கடைச் சுவர் வரைக்கும் போயிருந்தது, மளிகைக்காரர் வாடகை கேட்டதாகக்கூடப் பேச்சு உண்டு.

அண்ணன் நடேசன் பிறந்த அன்றே அவர்தான் எழுதினார், இருபத்தோராம் வயதில் ஜலகண்டம், தண்ணீரால் உயிருக்கு ஆபத்து, அவ்வளவுதான், ஒரு வரி, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மரப்பலகையும் பூட்டும் வந்தன, ஆடிப்பெருக்குக்கு ஊரே ஆற்றுக்குப் போகும்போது அண்ணன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிடுவான், மழை தூறினால் தெருப்பையன்கள் விட மாட்டார்கள், டேய் நடேசா, ஓடுடா, கண்டம் கூரை வழியா ஒழுகுது, ஆனால் எந்த எஞ்சினைக் கொடுத்தாலும் காதை வைத்துக் கேட்டே பழுது சொல்லிவிடுவான், நாகப்பட்டினத்தில் விசைப்படகுப் பட்டறையிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது, அம்மா அதை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள், படகு தண்ணியிலதானேடா போகும், பட்டறை கரையிலதானேம்மா இருக்கு, கரைக்கு அந்தப் பக்கம் என்னடா இருக்கு, சொல்லு, என்றாள், கடைசியில் வேதாசலம் ஒரு வழி சொன்னார், இருபத்தொன்று பிறக்கிற நட்சத்திரத்தன்று காவிரியில் பதினொரு முழுக்கு, கண்டம் கழிந்துவிடும், பிறகு கப்பலிலேயே குடித்தனம் பண்ணலாம்.

இருபது வருஷம் முழங்கால் நனைய விடாமல் காத்த பிள்ளையை, தண்ணீர்க் கண்டம் கழிக்க, வெள்ளம் ஓடுகிற ஆற்றில் கொண்டுபோய் இறக்கினோம், இதில் விபரீதம் இருப்பதாக அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, எனக்குப் பதினைந்து வயது, கணக்கு நன்றாக வரும் என்பதால் முழுக்கை எண்ணுகிற பொறுப்பை வேதாசலம் எனக்குக் கொடுத்தார், அண்ணன் பல் கிடுகிடுக்கச் சிரிக்கிறான், டேய் சரியா எண்ணித் தொலைடா, ஒண்ணு கூடப் போட்டே, ராத்திரி உன் சோத்தையும் நானே தின்னுடுவேன், ஏழு என்கிறேன், எட்டு என்கிறேன், ஒன்பது என்கிறேன், தலை உள்ளே போகிறது, பத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், தலை வரவில்லை, அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் வேதாசலத்தைப் பார்க்கிறேன், நல்லா மூழ்கட்டும், அதான் பூரணப் பரிகாரம் என்கிறார் அவர், பாசிப்படி வழுக்கி அவன் ஆழத்துக்குப் போய்விட்டான் என்பது கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர் குதித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது, தெரியவிடவில்லை.

பதினாறாம் நாள் வேதாசலம் வந்தார், இன்னும் ரெண்டு முழுக்குத்தாம்மா பாக்கி, அதுக்குள்ள விதி முந்திக்கிச்சு, என்றார், அம்மா அவர் காலில் விழுந்தாள், அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் சொல்வாள், அவர் சொன்ன வயசு, அவர் சொன்ன தண்ணி, பிசகலையே, என் அண்ணனைவிட நல்ல விளம்பரம் அந்த மனிதருக்கு அமைந்திருக்க முடியாது, வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், அடுத்த தைக்குள் பலகையில் தெய்வக்ஞ பூஷணம் என்று இன்னொரு பட்டம் சேர்ந்தது, மளிகைக்கடைச் சுவர் முழுதும் அவருடையதாயிற்று.

நான் வளர்ந்து பெரிய பகுத்தறிவுவாதியானேன், டீக்கடையில் ஒன்பது கிரகங்களையும் வரிசையாக நிறுத்தி உரித்துத் தொங்கவிடுவேன், கேட்கிறவர்கள் வடையை மென்றுகொண்டு தலையாட்டுவார்கள், தாரணி பிறந்தபோது அம்மா வேதாசலத்தின் மகனிடம் ஜாதகம் எழுதி வாங்கி வந்தாள், அதிலும் அதே வரி, அப்பன் எழுதியதைப் பார்த்து எழுதியிருப்பான், நான் வயிறு குலுங்கச் சிரித்தேன், மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன், பிறகு அவள் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புக்குத் தாள் வந்தபோது ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தேன், அடுத்த வருஷமும் எழுதினேன், அதற்கடுத்த வருஷமும், கையெழுத்து தடுமாறவே இல்லை.

போன வாரம் சான்றிதழ்களோடு அந்தத் தாள்களையும் அவள் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள், ஏம்ப்பா, எனக்கு ஆஸ்துமாவா, மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுறேன், ஒரு நாள் இழுத்ததில்லையே, இது உங்க கையெழுத்துதானே, நான் கண்ணாடியைத் துடைத்தேன், நீங்க ஜாதகத்தை நம்புறீங்களா, சீச்சீ, நானா, அப்ப எதுக்கு இது, பயம்மா, என்றேன், பாட்டி நம்பிப் பயந்தாங்க, நீங்க நம்பாமப் பயப்படுறீங்க, கிணத்து மேல போட்ட பூட்டு மட்டும் அதேதான், இல்லப்பா, என்றாள், டீக்கடையில் இத்தனை வருஷத்தில் என்னை இப்படி யாரும் உரித்ததில்லை, கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டு அவள் போனது இந்த நீச்சல்குளத்துக்கு என்பதையும் அன்றுதான் சொன்னாள், ஒரு தடவை வந்து பாருங்க, பாத்துட்டு மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க.

ஒன்பது என்கிறேன், உதடு பத்தைத் தொட மறுக்கிறது, அப்போது குளத்தின் அந்தக் கோடியில், நான் பார்க்காத இடத்தில், தண்ணீரை உதறிக்கொண்டு அவள் தலை எழுகிறது, மூச்சுகூட வாங்கவில்லை, பக்கத்தில் விசிலோடு நிற்கிற பயிற்சியாளர் ஸ்டெல்லா சிரிக்கிறார், பயந்துட்டீங்களா சார், வந்து பதினஞ்சு நாள்தான், மீன் மாதிரி போறா, பதினஞ்சு நாளா, ஆமா சார், யாரா இருந்தாலும் பதினஞ்சு நாள் போதும், பயந்தவங்கன்னா ரெண்டு நாள் கூட.

ஸ்டெல்லாவின் பேனாவை வாங்கி, குளத்துக்கு முதுகு காட்டி நின்று கையெழுத்துப் போடுகிறேன், இந்த முறை எழுத்து கோணலாக விழுகிறது, அப்பா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இந்தப் பக்கம் முட்டியளவுதான், என்று தாரணி கூப்பிடுகிறாள், இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் முதல் படியில் கால் வைக்கிறேன், சார், பேண்ட்டோட இறங்கக் கூடாது சார், ஸ்டெல்லா விசில் ஊதுகிறார், பொடிப்பிள்ளைகள் கையடித்துச் சிரிக்கிறார்கள், தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முட்டிக்கு ஏறுகிறது, ஜில்லென்று, வேறொன்றும் செய்யாமல், பதினைந்து நாள், நடேசண்ணே, பதினைந்தே நாளாம்.