கெர்துரின் கல்

காலையிலிருந்து எரிமலைவாய், கந்தக நாற்றம், கொதிக்கும் சேறு என்று பஸ் நிறைய ஆட்களை இழுத்தடித்த வழிகாட்டி ஸ்டெய்ன்வோர், கடைசியில் வெந்நீர் ஊற்றுகள் பொங்கும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தாள். முந்தின நாளே ரொட்டி மாவுப் பானையை அந்தச் சுடுமணலில் வேகப் புதைத்து, அடையாளத்துக்கு மேலே ஒரு கல் வைத்திருந்தாள். ஐஸ்லாந்தில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். கரை முழுக்கக் கல்தான் என்பதை எவரும் யோசிப்பதில்லை.

தோண்டினாள். கறுப்பு ரொட்டி ஆவி பறக்க வெளியே வந்தது. வெண்ணெய் தடவிக் கொடுத்ததும் கூட்டம் சப்புக்கொட்டித் தின்றது.

டிரைவர் ஓட்டர் கடைசித் துண்டை மென்றபடி அவள் காதருகே குனிந்தான். "இது நீ சுட்டதில்ல."

"எப்படிச் சொல்ற?"

"நல்லாருக்கே!"

அவன் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தாள். இந்தக் கைப்பக்குவம் கெர்துருடையது. போட்டி கம்பெனி வழிகாட்டி. போன வருடம் தன் கல்லை நகர்த்தியவனை மண்வெட்டியோடு துரத்தியவள்.

மேட்டில் இன்னொரு பஸ் வந்து நின்றது.

"எல்லாரும் பஸ்ல ஏறுங்க! வெடிக்கப் போகுது!" என்று ஸ்டெய்ன்வோர் அலறினாள்.

கூட்டம் ஆசையாகக் கேமராவைத் தூக்கியது. "எங்க? எந்த மலை?"

அந்த பஸ்ஸிலிருந்து மண்வெட்டியோடு குதித்தவளை ஓட்டர் கைகாட்டினான்.

"அதோ, எறங்கி வருது."