தட்டில் நின்றவர்களுக்கு நியமன உத்தரவு

கண்ணாடித் தட்டில் செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட இதயமாகவில்லை.

ஜப்பானின் கோபே நகர ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பதுதான் மினெகிஷியின் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் தட்டில் இதயம் துடிக்காவிட்டால் வடக்கே ஷின்ஜோ கிளைக்குத் தூக்கியடித்துவிடுவதாகத் தலைவி ஒனோதெரா சொல்லியிருந்தார். ஷின்ஜோவில் பனி ஜன்னலை மூடும். மினெகிஷியோ கோபேயில் புது வீட்டுக்குக் குடிபோய்ப் பதினோரு நாள்தான் ஆகிறது.

"எல்லா மருந்தும் போட்டுட்டேன் மேடம். அதுங்க பாட்டுக்குப் பிரிஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. வேலைக்குப் போற எண்ணமே இல்ல."

"எப்படிப் போகும்? ஏப்ரல்ல நம்ம கம்பெனில சேர்ந்த புதுசுங்க மாதிரி முழிக்குதுங்க. எந்தப் பிரிவுன்னு உத்தரவு வாசிச்சீங்களா?"

மினெகிஷி நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தக் கம்பெனியில் எல்லோரும் வெறும் ஆளாகத்தான் சேர்வார்கள். நிற்கவைத்து உத்தரவை வாசித்த பிறகுதான் ஒருவர் கணக்காளர், ஒருவர் காவலாளி. வாசித்தது வாசித்ததுதான், மாற்றமே கிடையாது.

டை கட்டிக்கொண்டு வந்து, தட்டுக்குக் குனிந்து வணங்கி, உத்தரவுத் தாளை இரு கையாலும் பிடித்தார். ஆனால் அது மலையிலிருந்து தேவதாரு மகரந்தம் இறங்கும் பருவம். காலையிலிருந்தே மூக்கு அடைப்பு. ஜப்பானிய மொழியில் இதயம் 'ஷின்ஸோ', சிறுநீரகம் 'ஜின்ஸோ'.

"அனைவரும் இன்று முதல்... ஜின்ஸோ பிரிவுக்கு... ஹச்!"

செல்கள் சட்டென்று வரிசைகட்டின.

வெள்ளிக்கிழமை தட்டில் துடிப்பைக் காணோம். ஓரமாக ஏதோ சொட்டியது. மனிதவளப் பிரிவுக்காரரோடு வந்த ஒனோதெரா குனிந்து மோந்து பார்த்தார்.

"கருமம்! இது மூத்திரம்யா!"

"சிறுநீரகம் மேடம். மூணே நாள்ல! எவ்வளவு நேர்த்தியா வடிகட்டுது பாருங்க. வேணும்னா மாத்தி வாசிச்சுடட்டுமா?"

"வாசிச்சது வாசிச்சதுதான். எல்லாரும் எழுந்திரிங்க!"

அவர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஒனோதெராவின் மூக்கும் தக்காளிபோல் சிவந்திருந்ததை மினெகிஷி அப்போதுதான் கவனித்தார்.

"மினெகிஷி, நாளை முதல் நீங்கள்... ஜின்ஜோ கிளைக்கு... ஹச்!"

மனிதவளப் பிரிவுக்காரர் கிளைப் பட்டியலை மேலும் கீழும் புரட்டினார். "மேடம், அப்படி ஒரு கிளையே நமக்கு இல்லையே. ஷின்ஜோன்னு சொல்ல வந்தீங்களோ?"

மினெகிஷி இடுப்பு ஒடியக் குனிந்தார். "வாசிச்சது வாசிச்சதுதானே மேடம்?"

ஒனோதெரா வாயைத் திறந்தார், வந்தது தும்மல்தான்.

ஜின்ஜோ எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை மினெகிஷி கோபேயிலேயே இருக்கிறார். தட்டின் அடியில் ஒரு தேநீர்க் கோப்பை. நிறைந்தால் கொட்டிவிட்டு வருகிறார்.